ஸ்டால், ஸ்பின், டேக்ஸி: போர் விமான சிமுலேட்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஎல்-2, டிசிஎஸ் வேர்ல்ட் மாதிரியான போர் விமான சிமுலேட்டர்களில் உதவி ஆப்ஷன்களை எல்லாம் அணைத்துவிட்டு, முழு ரியலிசத்தில் முதல்முறை உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுடுவதைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது, விமானம் கையை விட்டுப் போகிற இடங்களைப் பற்றி மட்டும்தான். உதாரணங்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரின் பி-51டி மஸ்டாங்கிலிருந்து வரும். அதன் ஆயுதமில்லாத வடிவமான டிஎஃப்-51டி, டிசிஎஸ்ஸோடு இலவசமாகவே வருகிறது, யார் வேண்டுமானாலும் இன்றைக்கே இறக்கிச் சோதித்துப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டால், ஸ்பின், ரன்வேயில் சுற்றிக்கொள்வது என்று தனித்தனியாகப் பேசினாலும் எல்லாவற்றுக்கும் மருந்து பெரும்பாலும் காலில்தான் இருக்கிறது, அதாவது மூக்கை இடமும் வலமுமாகத் திருப்புகிற ரடர் பெடலில். கையை மட்டும் நம்பி ஓட்டப் பழகியவர்கள்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள்.

ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவதுதானே?

இல்லை. கார் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. இன்ஜின் முழுச் சக்தியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகும்.

எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே இருக்கிற கோணத்தைத் தாக்குகோணம் என்பார்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க இழுக்க அந்தக் கோணம் கூடும், தூக்குவிசையும் கூடும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு, பழைய நேர் இறக்கை விமானங்களில் தோராயமாக 15, 16 டிகிரி. அதைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சரியும். கவனித்தீர்களா, இதில் வேகம் என்ற வார்த்தையே வரவில்லை.

அப்படியென்றால் மணிக்கு 200 மைலுக்கு மேல் போகும்போது ஏன் சட்டென்று புரண்டு விழுகிறது?

"ஸ்டால் வேகம் 100 மைல்" என்று எங்கோ படித்துவிட்டு, அதற்கு மேலே இருக்கிற வரைக்கும் பத்திரம் என்று நினைத்துக்கொள்வதால்தான். அந்த 100 என்பது நேராக, மட்டமாக, 1 ஜி-யில் (இறக்கை விமானத்தின் எடையை மட்டும் சுமக்கும் நிலை) பறக்கும்போது மட்டும் பொருந்தும். திருப்பத்தில் இழுத்துப் பிடிக்கும்போது இறக்கை விமானத்தின் எடையைப் போல இரண்டு, மூன்று, நான்கு மடங்கைச் சுமக்க வேண்டியிருக்கிறது, அதற்கேற்ப ஸ்டால் வேகமும் ஏறும். கணக்கு சுலபம், ஜி-யின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். 2 ஜி-யில் 141 மைல், 4 ஜி-யில் 200 மைல், 6 ஜி-யில் ஏறக்குறைய 245 மைல். 60 டிகிரி சாய்த்து உயரம் இழக்காமல் திரும்பினாலே 2 ஜி ஆகிவிடுகிறது.

எதிரியின் வாலைப் பிடிக்கத் திரும்பும்போது 4 ஜி என்பது சர்வசாதாரணம். ஆகவே 220 மைலில் திரும்புகிறவர், உண்மையில் ஸ்டாலுக்கு 20 மைல் பக்கத்தில்தான் இருக்கிறார். நாய்ச்சண்டையே, அதாவது விமானங்களின் நெருக்கமான வான்சண்டையே, இந்த விளிம்பில்தான் நடக்கிறது. விளிம்பு எங்கே என்று தெரியாமல் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை.

ஸ்டால் ஆனால் மூக்கு இறங்க வேண்டும், சரி. ஏன் ஒரு பக்கமாகப் புரள்கிறது?

இரண்டு இறக்கையும் ஒரே நொடியில் ஸ்டால் ஆவதில்லை, அதனால்தான். இன்ஜின் முறுக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, நீங்கள் பெடலைச் சரியாக மிதிக்காததால் விமானம் கொஞ்சம் கோணலாக வழுக்குகிறது, ஆக ஒரு இறக்கை மற்றதைவிட முந்திக்கொள்கிறது. அது கீழே விழத் தொடங்கியதும் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஸ்பின்னின் மொத்த ரகசியமும் இதில்தான்.

கீழே போகிற இறக்கைக்குக் காற்று இன்னும் கீழிருந்து வருகிறது, அதன் தாக்குகோணம் மேலும் கூடுகிறது. சாதாரணமாகக் கோணம் கூடினால் தூக்குவிசை கூடி, விழுகிற இறக்கை தானாகவே தாங்கிக்கொள்ளும். ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகு கோணம் கூடக் கூடத் தூக்குவிசை குறைகிறது, இழுவை ஏறுகிறது. மேலே போகிற இறக்கைக்கு நேர் எதிராக, கோணம் குறைந்து, தூக்குவிசை மிஞ்சி இருக்கிறது. ஒன்று விழ, ஒன்று எழ, விழுகிற பக்கத்தின் இழுவை மூக்கையும் அந்தப் பக்கமே திருப்ப, சுழற்சி தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. இதுதான் ஸ்பின்.

இப்போது, இடது இறக்கை விழுந்ததும் எல்லோரும் செய்வது என்ன? ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுவது. அப்படித் தள்ளினால் இடது இறக்கையின் எயிலரான் (விமானத்தைப் புரட்டும், இறக்கையின் பின்விளிம்புத் தட்டு) கீழே இறங்கும், அந்த இடத்தில் தாக்குகோணம் இன்னும் ஏறும், ஏற்கெனவே ஸ்டால் ஆன இறக்கை இன்னும் ஆழமாக ஸ்டால் ஆகும். நிமிர்த்தப் போட்ட கைதான் கவிழ்க்கிறது. அந்த நேரத்தில் ஸ்டிக்கை நடுவில் வைத்து, பின்னிழுப்பை லேசாகத் தளர்த்தி, வலது பெடலை மிதித்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். இந்த ஒரு பழக்கம் கைக்கும் காலுக்கும் ஏறிவிட்டால், இதற்கு மேல் இந்தப் பக்கத்தைப் படிக்காவிட்டாலும் பாதிச் சாவுகள் குறையும்.

ஸ்பின்னில் மாட்டிக்கொண்டேன். வெளியே வர என்ன செய்வது?

வரிசை இதுதான், பிஸ்டன் இன்ஜின் விமானங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்: த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) முழுக்க மூடுங்கள், எயிலரானை நடுவில் வையுங்கள், சுழற்சிக்கு எதிர்ப் பெடலைக் கடைசி வரை மிதியுங்கள், அப்புறம் ஸ்டிக்கை முன்னால் தள்ளுங்கள். சுழற்சி நின்ற அந்த நொடியே பெடலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கிவிடும்.

த்ராட்டிலை மூடுவதுதான் முதலில் என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? போர்க்கால மஸ்டாங் பயிற்சிக் கையேடே, பவரோடு ஸ்பின்னுக்குள் போவதை எந்தச் சூழ்நிலையிலும் வேண்டுமென்று செய்யாதே என்று தடை போட்டிருக்கிறது. பவர் இருக்கும்போது மூக்கு கீழே இறங்காமல் அடிவானத்துக்கு 10 முதல் 20 டிகிரி மேலேயே நிற்கும், த்ராட்டிலை முழுக்க மூடும் வரை எந்தக் கட்டுப்பாடும் எடுபடாது. மூடி, எதிர்ப் பெடல் மிதித்த பிறகும் ஐந்தாறு சுற்றுகள் சுற்றிவிட்டுத்தான் நிற்கும், அதற்குள் 9,000 அடியோ 10,000 அடியோ போய்விடும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர் 6,000 அடியில் பவரோடு ஸ்பின் ஆனால் வீணாகப் போராட மாட்டார், குதித்துவிடுவார்.

இரண்டாவது, பொறுமை. எதிர்ப் பெடலை மிதித்து ஒரு சுற்றுக்குள் நிற்கவில்லை என்றதும் பதறி வேறு எதையாவது முயல்வதால்தான் நிறையப் பேர் தரையில் போய் மோதுகிறார்கள். சரியான வரிசையைப் போட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள்.

இந்த அறிவு ரத்தம் சிந்திக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1912 ஆகஸ்ட் 25 அன்று, இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஒரு அவ்ரோ விமானத்தில் ஸ்பின்னில் விழுந்தார். அப்போது வழக்கிலிருந்த அறிவுரைப்படி திரும்புகிற பக்கமே ரடரைக் கொடுத்தார், பயனில்லை. கடைசி முயற்சியாக எதிர்ப்பக்கம் மிதித்தார், தரைக்கு வெகு பக்கத்தில் விமானம் நிமிர்ந்தது. அது ஏன் வேலை செய்தது என்று அளந்து காட்டியது அதற்குப் பிறகு, 1917-ல் ஃபார்ன்பரோவில். ஃப்ரெடெரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தானே பறக்கக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போய்க் கருவிகளைப் படித்து எழுதி வந்தார். நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ரீஸ்டார்ட் அழுத்துகிறோம்.

சுற்றுகிற சுற்றில் எந்தப் பக்கம் சுற்றுகிறேன் என்றே தெரியவில்லையே?

வெளியே பார்க்காதீர்கள். திருப்பக் கருவியின் முள்ளைப் பாருங்கள், முள் எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கு எதிர்ப் பெடல். அதற்குக் கீழே, வழுக்கலைக் காட்டுகிற பந்தை நம்ப வேண்டாம், ஸ்பின்னில் அது பொய் சொல்லும். தலைகீழ் ஸ்பின்னிலும் இதே முள்தான் வழிகாட்டி; அங்கே புரள்வது ஒரு பக்கமும் மூக்கு திரும்புவது இன்னொரு பக்கமுமாக இருப்பதால் கண் நிச்சயம் ஏமாறும்.

நிமிர்ந்துவிட்டது, ஆனால் மேலே இழுக்கும்போது மறுபடியும் விழுகிறது.

அவசரம்தான் காரணம். சுழற்சி நின்றதும் விமானம் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு, குறைந்த வேகத்தில் இருக்கும். தரை பெரிதாகிக்கொண்டு வருவதைப் பார்த்து முழு பலத்தோடு இழுத்தால் இரண்டாவது ஸ்டால். வேகம் சேரட்டும், பிறகு மெதுவாக இழுங்கள், இறக்கை அதிரத் தொடங்கினால் கொஞ்சம் விடுங்கள், நின்றதும் மறுபடி இழுங்கள். அந்த அதிர்வின் விளிம்பில் இழுத்துக்கொண்டு வருவதுதான் உயரத்தை மிச்சப்படுத்துகிற வழி.

நிஜ விமானம் இவ்வளவு சுலபமாக விழுமா? சிமுலேட்டர் மிகைப்படுத்துகிறது என்கிறார்களே?

இதில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

மஸ்டாங் நேராகப் பறந்து மெதுவாக ஸ்டால் ஆகும்போது சாதுவான விமானம். ஸ்டாலுக்கு மூன்று நான்கு மைல் முன்னாலேயே லேசாக அதிரும், பிறகு ஒரு இறக்கை சாயும், அவ்வளவுதான். சிமுலேட்டரிலும் இதைச் செய்து பாருங்கள்: 10,000 அடிக்கு மேலே போய், பவரைக் குறைத்து, உயரத்தைப் பிடித்துக்கொண்டு வேகத்தை இறங்க விடுங்கள். ஏறக்குறைய அப்படியே இருக்கும். "பயங்கரமாக விழுகிறது" என்று சொல்கிறவர்கள் சொல்வது இந்த ஸ்டாலை அல்ல, சண்டையில் ஸ்டிக்கை வெடுக்கென்று இழுக்கும்போது வருவதை.

அந்த வெடுக்கென்ற இழுப்புதான் நிஜத்தில் அவ்வளவு சுலபமில்லை. உண்மையான விமானத்தில் வேகம் கூடக் கூட ஸ்டிக் கனக்கும், ஜி ஏற ஏற இன்னும் கனக்கும். விமானி தோள்பலத்தைப் போட்டுத்தான் இழுப்பார், உடம்பு சீட்டில் அழுந்தும், சட்டகம் அதிர்வது முதுகெலும்புக்கே தெரியும். நம் மேஜையில் இருக்கிற சிறிய ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் எப்போதும் ஒரே இறுக்கம். இரண்டு விரலால் அரை நொடியில் கடைசி வரை இழுத்துவிடலாம். எந்த விமானமும் அதைத் தாங்காது. ஆக விமானத்தின் மாதிரியில் குறை இல்லாமலேயே அனுபவம் மிகைப்பட்டுத் தெரியும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக் வைத்திருக்கிறவர்கள் அதை விடாமல் கட்டிக்கொள்வது இதனால்தான், மைக்ரோசாஃப்ட்டின் பழைய சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2-ஐ உற்பத்தி நின்று எத்தனையோ வருடம் கழித்தும் தேடி வாங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், ஸ்டாலுக்குப் பிந்தைய காற்றோட்டத்தைக் கணக்கிடுவது உண்மையிலேயே கடினம். ஸ்டாலுக்கு முன்னால் காற்று ஒழுங்காக இருக்கிறது, காற்றுச்சுரங்க அளவீடுகளும் இருக்கின்றன. பிய்த்துக்கொண்ட பிறகு அது நொடிக்கு நொடி மாறும், அந்தக் கோணங்களில் அளக்கப்பட்ட தரவும் குறைவு. நல்ல சிமுலேட்டர் குறைந்தபட்சம் இரண்டு இறக்கைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன சுழற்சி தானாகப் பிறக்காது, வெறும் அனிமேஷன் மாதிரிதான் இருக்கும். ஒரு சிமுலேட்டரை நான் எடைபோடுவது இப்படித்தான்: ஸ்பின் ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில் வருகிறதா, இல்லை எப்படி நுழைந்தோம், பவர் எவ்வளவு, பெட்ரோல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறதா? மாறினால் உள்ளே உண்மையான கணக்கு ஓடுகிறது.

எல்லா விமானமும் ஒரே மாதிரி ஸ்டால் ஆகுமா?

ஆகாது, அந்த வித்தியாசத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது.

ஸ்பிட்ஃபயரின் இறக்கையை வேரிலிருந்து நுனி வரை இரண்டரை டிகிரி முறுக்கி வைத்திருக்கிறார்கள். உடம்பை ஒட்டிய பகுதி முதலில் ஸ்டால் ஆகி நடுங்கும், நுனியில் எயிலரான் அப்போதும் உயிரோடு இருக்கும். அந்த நடுக்கத்தைக் காதால் கேட்டுக்கொண்டே திருப்பத்தைப் பிடிக்கலாம். ஆனால் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் மிகவும் மென்மை, கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் நடுக்கத்தைத் தாண்டிச் சட்டென்று புரண்டுவிடும். இதில் ஜாய்ஸ்டிக்கின் முன்பின் அசைவுக்கு (பிட்ச் அச்சு) மட்டும் கொஞ்சம் கர்வ் வைத்து, நடுப்பகுதியின் கூர்மையைக் குறைத்துக்கொள்ளலாம்.

மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் இறக்கையின் முன்விளிம்பில் தானாகத் திறக்கும் ஸ்லாட்கள் உண்டு. திறக்கும் சத்தத்தைக் கேட்டுப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது ஆபத்துக்கான மணி இல்லை, இன்னும் இழுக்க இடமிருக்கிறது என்று அர்த்தம். இதன் ஸ்டால் சாதுவானது.

ஃபோக்கே-வுல்ஃப் 190 நேர்மாறு. எச்சரிக்கையே இல்லாத மாதிரி இருக்கும், ஒரு இறக்கை விழுந்து ஏறக்குறைய தலைகீழாகப் போய்விடும். இந்த விமானத்தை வைத்துக்கொண்டு ஸ்பிட்ஃபயரோடு சுற்றிச் சுற்றித் திரும்பப் போகக் கூடாது. வேகத்தில் வந்து, அடித்து, வேகத்திலேயே போய்விட வேண்டும். அன்றைய ஜெர்மன் விமானிகள் அப்படி ஓட்டியதற்கு இந்த ஸ்டாலும் ஒரு காரணம்.

கோர்செயரில் இடது இறக்கை முந்தி ஸ்டால் ஆகிறது என்று, வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பட்டையை வைத்து அந்தப் பக்கத்தையும் கெடுத்துச் சமன் செய்தார்கள். அவ்வளவு எளிய தீர்வு.

மஸ்டாங்கில் விமானியின் முதுகுக்குப் பின்னால் 85 காலன் டேங்க் ஒன்று இருக்கிறது. அது நிரம்பியிருந்தால் எடைமையம் பின்னால் போய், இழுக்கும்போது ஸ்டிக் இன்னும் உள்ளே ஓடப் பார்க்கும், ஸ்பின் சட்டென்று வரும். நிஜத்தில் அதை முதலில் எரித்துத் தீர்த்தார்கள். "மஸ்டாங் திரும்பவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, மிஷன் தொடங்கும்போது எத்தனை சதவீதம் பெட்ரோல் போட்டீர்கள் என்றுதான்.

முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் பற்றித் தனியாகவே எழுதலாம். அதன் ரோட்டரி இன்ஜினில் சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். வலப்பக்கம் திரும்பினால் மூக்கு இறங்கும், இடப்பக்கம் திரும்பினால் ஏறும். ரைஸ் ஆஃப் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் இதை ஓட்டினாலே, பெடல் எதற்கு என்ற கேள்வி அப்புறம் வராது.

டேக்ஸி போகும்போதே (தரையில் சக்கரத்தில் உருண்டு போகும்போதே) வட்டமாகச் சுற்றிவிடுகிறதே, இது பக் இல்லையா?

பக் இல்லை. வால்சக்கர விமானத்தில் எடைமையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. காரை ரிவர்ஸில் வேகமாக ஓட்டும்போது ஸ்டீரிங்கைத் துளி அசைத்தாலும் முன்பக்கம் பிய்த்துக்கொண்டு சுற்றப் பார்க்குமே, அதே இயற்பியல்தான். மூக்கு கொஞ்சம் விலகினால், பின்னால் இருக்கிற எடை அந்த விலகலை இன்னும் பெரிதாக்கும். தானாக நேராகாது. நீங்கள்தான் ஒவ்வொரு நொடியும் நேராக்க வேண்டும்.

வழி: விலகல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர விடாதீர்கள். பெடலைத் தட்டி எடுங்கள், மிதித்துப் பிடிக்காதீர்கள். மூக்கு நேராகத் திரும்பி வரும்போதே எதிர்ப் பெடலைத் தொட்டு நிறுத்துங்கள். நேராக வந்தபிறகு தொட்டால் ஏற்கெனவே தாமதம். வேகம், வேகமாக நடக்கிற மனிதன் அளவுக்குத்தான். முன்னால் எதுவும் தெரியாது, ஆகவே இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும், நிஜத்தில் செய்ததும் அதுதான்.

அப்புறம் ஒவ்வொரு விமானத்தின் வால்சக்கரத்துக்கும் ஒரு குணம். மஸ்டாங்கில் ஸ்டிக் நடுவிலோ பின்னாலோ இருந்தால் வால்சக்கரம் பூட்டிக்கொண்டு, ரடரோடு சேர்ந்து இருபுறமும் 6 டிகிரி மட்டும் திரும்பும். ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளினால் பூட்டு விடும், சக்கரம் முழுவட்டமாகச் சுழலும். இறுக்கமான திருப்பம் வேண்டும் என்றால் நின்று, முன்னால் தள்ளி, பிரேக்கால் திருப்பி, மறுபடி ஸ்டிக்கைப் பின்னால் கொண்டுவந்து கொஞ்ச தூரம் நேராக ஓட்டிப் பூட்ட வேண்டும். இது தெரியாமல், ஜாய்ஸ்டிக்கை முன்னால் சாய்த்துக்கொண்டே டேக்ஸி போகிறவர்கள் எவ்வளவோ பேர். ஃபோக்கே-வுல்ஃபிலும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால்தான் பூட்டு. 109-ல் தனி லீவர். ஸ்பிட்ஃபயரில் பூட்டே கிடையாது. பிரேக்கும் ஸ்டிக் வளையத்தில் இருக்கிற ஒரு கைப்பிடிதான், அதை அழுத்திக்கொண்டு எந்தப் பெடலை மிதிக்கிறோமோ அந்தப் பக்கம் அதிகமாகப் பிடிக்கும். முன்பாரம் கூடிய விமானம் வேறு, அழுத்திப் பிடித்தால் மூக்கைத் தரையில் குத்திவிடும்.

டேக்ஆஃபில் இடது பக்கம் ஓடிப்போய்ப் புல்லில் விழுகிறேன்.

மஸ்டாங், மெர்லின் இன்ஜின் ஸ்பிட்ஃபயர், 109 எல்லாவற்றிலும் புரொப்பெல்லர் காக்பிட்டிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை இடது சக்கரத்தை அழுத்துகிறது. சுழன்று பின்னால் போகும் காற்று வால்தட்டை இடப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. வால் கீழே இருக்கும்போது வலப்பக்கம் இறங்கும் பிளேடு அதிகம் இழுக்கிறது. வாலைத் தூக்கும் நொடியில், சுழலும் புரொப்பெல்லரின் கிரோ விளைவு மூக்கை இடப்பக்கம் திருப்புகிறது. நான்குமே இடப்பக்கம்! கிரிஃபான் இன்ஜின் வைத்த ஸ்பிட்ஃபயரில் மட்டும் புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் வலப்பக்கம் ஓடும். மெர்லினிலிருந்து கிரிஃபானுக்கு மாறியவர்களுக்கு அன்றும் குழப்பம்தான்.

மஸ்டாங்குக்கு: ரடர் ட்ரிம் (காலுக்குப் பாரம் குறைக்க ரடரை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் திருகு) 6 டிகிரி வலது. ஸ்டிக் பின்னால். த்ராட்டிலை மெதுவாக, ஒரே சீராக, 3,000 ஆர்பிஎம்மில் மேனிஃபோல்ட் அழுத்தம் 61 அங்குலம் வரை கொண்டு போங்கள், வெடுக்கென்று தள்ளினால் எந்தக் காலும் ஈடுகொடுக்க முடியாது. த்ராட்டிலோடு சேர்ந்து வலது காலும் இறங்க வேண்டும், மூக்கு விலகிய பிறகு அல்ல. ரடரில் காற்று பிடிக்கத் தொடங்கியதும் ஸ்டிக்கைத் தளர்த்தி, வாலைத் தானாக எழ விடுங்கள், தள்ளித் தூக்க வேண்டாம்.

இறங்கும்போது குதிக்கிறது. குதிக்காவிட்டால் சுற்றிவிடுகிறது.

குதிப்பது சக்கரத்தின் ஸ்பிரிங்கால் மட்டும் இல்லை. முன் சக்கரம் தரையைத் தொட்டதும் பின்னால் இருக்கிற எடை வாலைக் கீழே தள்ளும், வால் இறங்கினால் தாக்குகோணம் ஏறும், தூக்குவிசை திரும்பி வரும், விமானம் மறுபடி பறக்கும். ஆகவே வேகம் தீர்வதற்கு முன்னால் தரையில் உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். ரன்வேக்கு ஓரிரு அடி மேலே பிடித்துக்கொண்டு, ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டுவந்து, மூன்று சக்கரமும் சேர்ந்து தொடுகிற மாதிரி ஸ்டால் ஆக விடுங்கள். சின்னக் குதிப்பு என்றால் அப்படியே பிடித்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். முன்னால் தள்ளி அழுத்தினால் அடுத்த குதிப்பு இன்னும் பெரிதாகும்.

பெரிய குதிப்பு என்றால் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்று வந்து இறங்க வேண்டும், இங்கேயும் த்ராட்டிலை மெதுவாக. 1,490 குதிரைசக்தியை 90 மைல் வேகத்தில் ஒரே தள்ளாகத் தள்ளினால் விமானம் புரொப்பெல்லரைச் சுற்றி இடப்பக்கம் கவிழும், அந்த வேகத்தில் எயிலரானால் அதைத் தடுக்க முடியாது.

தொட்டபிறகு வேலை முடிந்துவிட்டது என்று காலை எடுப்பதுதான் சுற்றிக்கொள்ளக் காரணம். ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடியுங்கள், வால்சக்கரம் அழுந்திப் பூட்டிக்கொள்ளட்டும். விமானம் முழுதாக நிற்கும் வரை கால்கள் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும், வேகம் குறையக் குறைய ரடரில் காற்று போய்விடுவதால் இன்னும் பெரிய அசைவுகள் தேவைப்படும், கடைசியில் பிரேக்கின் சின்னத் தட்டல்.

உதவி ஆப்ஷன்களை வைத்துக்கொண்டு பழகலாமா?

தற்காலிகமாக, ஒவ்வொன்றாக. 2001-ல் வந்த முதல் ஐஎல்-2 இதை அழகாகப் பிரித்துக் கொடுத்தது. ஸ்டால் ஸ்பின்னுக்கு ஒன்று, முறுக்கு மற்றும் கிரோவுக்கு ஒன்று, லேண்டிங்குக்கு ஒன்று என்று தனித்தனியாக அணைக்கலாம். டிசிஎஸ்ஸின் இரண்டாம் உலகப் போர் விமானங்களில் டேக்ஆஃப் உதவியும் ஆட்டோ ரடரும் இருக்கும், முதலில் அணைக்க வேண்டியது ஆட்டோ ரடர். அது உங்கள் காலுக்குப் பதிலாக மிதிக்கிறது, ஆகவே கால் எதையும் கற்றுக்கொள்வதில்லை, சண்டையில் நீங்கள் வேண்டுமென்று வழுக்க நினைத்தாலும் குறுக்கே நிற்கும். வார் தண்டர் விளையாட்டில் மவுஸால் ஓட்டும்போது இன்ஸ்ட்ரக்டர் என்ற அமைப்பு உங்களை ஸ்டாலுக்குப் பக்கத்திலேயே விடாது. சிமுலேட்டர் மோடுக்குப் போனால்தான் விமானத்தின் உண்மை முகம் தெரியும்.

டிசிஎஸ்ஸில் வலது கண்ட்ரோலும் என்ட்டரும் அழுத்தினால் ஸ்டிக்கும் பெடலும் எங்கே இருக்கின்றன என்று ஒரு சின்னக் கட்டம் காட்டும். ஸ்பின் ஆனபோது அதைப் பாருங்கள், எயிலரான் நடுவில் இல்லை என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பெடல் வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்க முடிந்தால் விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக்குக்கு முன்னால் பெடலை வாங்குங்கள். முடியாவிட்டால் முறுக்கும் ஜாய்ஸ்டிக் போதும், ஆனால் முறுக்கும்போது கை தெரியாமல் எயிலரானையும் சாய்க்கும், ஸ்பின்னில் அதுதான் வினை. எயிலரான் அச்சில் சின்ன டெட்ஜோன் (நடுவில் அசைத்தாலும் வேலை செய்யாத பகுதி) வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். கீபோர்டில் ரடர் வைத்து வால்சக்கர விமானம் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

நான் ஜெட் மட்டும்தான் ஓட்டுகிறேன். இதெல்லாம் எனக்கு எதற்கு?

மூக்குச் சக்கரம் இருப்பதால் தரைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஸ்டால் தீராது. எஃப்-16-ல் கம்ப்யூட்டர் தாக்குகோணத்தை ஏறக்குறைய 25 டிகிரியில் நிறுத்துகிறது. ஆனால் வேகமே இல்லாமல் செங்குத்தாக ஏறி நின்றால் கம்ப்யூட்டரால் எதையும் தடுக்க முடியாது. விமானம் ஆழ்ந்த ஸ்டாலில் தட்டையாக விழத் தொடங்கும், ஸ்டிக்கை முன்னால் தள்ளினாலும் மூக்கு இறங்காது. கம்ப்யூட்டரின் தடையை விலக்கும் மேனுவல் பிட்ச் ஓவர்ரைடு சுவிட்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கு தானாக ஆடுகிற தாளத்தோடு ஸ்டிக்கையும் முன்னும் பின்னுமாக ஆட்டி, ஆட்டத்தைப் பெரிதாக்கி, மூக்கு இறங்குகிற ஒரு வீச்சில் வெளியே வர வேண்டும். எஃப்-16 சிமுலேட்டரான ஃபால்கன் பிஎம்எஸ்ஸில் இதைச் செய்து பார்க்கலாம்.

எஃப்/ஏ-18-ல் ஸ்பின் ஆனால் திரையே ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று எழுதிக் காட்டும், அங்கே மேலே சொன்ன எயிலரான் விதியை மறந்துவிட்டுத் திரை சொல்கிறபடி செய்யுங்கள். எஃப்-14-ல் இரண்டு இன்ஜினும் தள்ளித் தள்ளி இருப்பதால், அதிக தாக்குகோணத்தில் ஒன்று அடங்கிப்போனால் மற்றது விமானத்தைப் பக்கவாட்டில் சுற்றிவிட்டு, மீளவே முடியாத தட்டை ஸ்பின்னில் கொண்டுபோய் விடும். அதோடு, அதிக கோணத்தில் எஃப்-4 ஃபாண்டம், எஃப்-14 இரண்டையும் புரட்ட வேண்டியது ஸ்டிக்கால் அல்ல, பெடலால். ஃபாண்டமில் அந்த நேரத்தில் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கிருந்தே ஸ்பின் தொடங்கும்.